இலை வைத்த கணக்கு

நுழையும்முன்

மழை பொய்த்த ஆண்டில் ஒரு செடி எவ்வாறு வாழ்ந்தது என்பதை, அது காய்ந்து சருகான பின்னரும் அறியலாம். காற்றிலிருந்து அது எடுத்துக்கொண்ட கார்பனின் எடையில் அதன் வாழ்க்கை பதிந்துள்ளது. அப்பதிவைப் படிக்க அறிவியலார் கற்றுக்கொண்ட வழியையும், அதனால் விளைந்த பயனையும், படிப்பதில் உள்ள இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிலத்தில் வேரூன்றிய தாவரம் இடம்பெயர இயலாதது. வெயில் மிகும்போது நிழலுக்கு ஒதுங்கவும், நீர் வற்றும்போது ஆற்றைத் தேடிச் செல்லவும் அதனால் ஆகாது. நின்ற இடத்தில் நின்றபடியே சூழலுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதுதான் அதற்குள்ள வழி. இலை உதிர்த்தல், வேரை ஆழமாகச் செலுத்துதல், இலையைத் தடிக்கச் செய்தல் எனப் பல மாற்றங்கள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று பகல் முழுதும் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதுவே இலைத்துளைகள் திறப்பதும் மூடுவதுமாகும்.

இலைத்துளையில் ஒரு பண்டமாற்று

இலையின் மேல்தோலில் நுண்ணிய துளைகள் எண்ணற்றவை உள்ளன. ஒவ்வொரு துளையின் இருமருங்கிலும் அவரை விதை வடிவில் இரண்டு காப்புச் செல்கள் அமைந்துள்ளன. அவை நீரை ஏற்றுப் பருக்கும்போது துளை திறக்கிறது. நீர் இழந்து தளரும்போது மூடிக்கொள்கிறது. திறந்த துளை வழியே கார்பன் டைஆக்சைடு உள்ளே வருகிறது. அதே துளை வழியே நீராவி வெளியே போகிறது. உணவுக்காகக் கதவைத் திறந்தால் நீர் போகும். நீரைக் காக்கக் கதவை அடைத்தால் உணவு நிற்கும்.

இந்தப் பண்டமாற்றில் விலை செடிக்குச் சாதகமாக இல்லை. காற்றில் கார்பன் டைஆக்சைடு பத்தாயிரத்தில் நான்கு பங்கு அளவே இருக்கிறது. இலையின் உட்புறமோ ஈரத்தால் நிறைந்தது. ஆகவே நெல், நிலக்கடலை போன்ற பயிர்கள் ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூற்றை ஈட்டுவதற்கு ஏறத்தாழ 400 முதல் 500 நீர் மூலக்கூறுகளைச் செலவிடுகின்றன. மண்ணில் ஈரம் குறையும்போது அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் பெருகி, துளைகளைச் சுருக்கிவிடுகிறது. செலவு குறைகிறது, அதனோடு வரவும் குறைகிறது.

ஒரு மணித்துளியில் ஓர் இலை இழக்கும் நீரைக் கருவி கொண்டு அளக்கலாம். ஆனால், விதைத்த நாள் முதல் அறுத்த நாள் வரை அச்செடி எத்தனை தாராளமாகவும் எத்தனை சிக்கனமாகவும் நடந்துகொண்டது என்பதை அறிய, நூறு நாள்களும் கருவியோடு வயலில் நிற்க யாராலும் இயலாது. இதற்கு விடை அந்தச் செடியின் உடலிலேயே இருந்தது. அதனைக் கண்டறிய முதலில் கார்பனின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும்.

எடை மிகுந்த கார்பன்

இயற்கையில் உள்ள நூறு கார்பன் அணுக்களில் ஏறத்தாழ தொண்ணூற்றொன்பது, ஆறு புரோட்டான்களும் ஆறு நியூட்ரான்களும் கொண்ட கார்பன்-12 ஆகும். எஞ்சிய ஒன்று, ஒரு நியூட்ரான் கூடுதலாகப் பெற்ற கார்பன்-13. 1929ஆம் ஆண்டு ஆர்தர் கிங், ரேமண்ட் பிர்ஜ் ஆகிய இருவரும் இதனைக் கண்டறிந்தனர். ஒரே தனிமத்தின் இத்தகைய எடை வேறுபட்ட அணுக்களே ஐசோடோப்புகள் எனப்படுகின்றன. தொல்பொருள்களின் காலத்தைக் கணிக்கப் பயன்படும் கார்பன்-14 வேறு. அது கதிரியக்கத்தால் சிதைந்துகொண்டே போவது. கார்பன்-13 சிதைவதில்லை. ஓர் இலையில் அது எந்த விகிதத்தில் இருந்ததோ, மண்ணில் புதைந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் பெரும்பாலும் அவ்விகிதத்திலேயே இருக்கும்.

1939ஆம் ஆண்டு ஆல்ஃபிரட் நியர், நிறை நிறமாலைமானி என்னும் கருவியைக் கொண்டு பல்வேறு பொருள்களில் உள்ள கார்பனை அளந்தார். சுண்ணாம்புப் பாறைகளில் கார்பன்-13 சற்று மிகுந்தும், தாவரங்களில் சற்றுக் குறைந்தும் இருப்பது தெரியவந்தது. வேறுபாடு மிகச் சிறியது; நூற்றில் ஓரிரு பங்கு அளவினது. ஆகவே இதனை நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்வதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று சொல்கின்றனர். ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோலும் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் பீ டீ என்னும் பாறையடுக்கில் கிடைத்த, கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட் என்னும் கடல் உயிரியின் புதைபடிவம் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்தப் படிவம் ஆய்வுகளில் செலவழிந்து தீர்ந்தேபோயிற்று. ஆயினும் அளவுகோல் இன்றும் அதன் பெயராலேயே வழங்குகிறது.

அந்த அளவுகோலின்படி, இன்றைய காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடின் மதிப்பு −8.5ஐ ஒட்டியது. அதாவது, படிவத்தில் இருந்ததைவிடக் கார்பன்-13இன் விகிதம் ஆயிரத்துக்கு எட்டரைப் பங்கு குறைவு. அதே காற்றை உண்டு வளர்ந்த நெற்பயிரிலோ மதிப்பு −27, −28 என இறங்கிவிடுகிறது. இடையில் ஏதோ ஒன்று எடை மிகுந்த கார்பனை ஒதுக்கித் தள்ளுகிறது என்பது தெளிவு.

இந்த ஒதுக்கல் இரண்டு இடங்களில் நிகழ்கிறது. முதலாவது, இலைத்துளை. எடை மிகுந்த மூலக்கூறு காற்றில் சற்று மெதுவாகப் பரவுவதால், துளை வழியே நுழைவதில் அது ஆயிரத்துக்கு 4.4 பங்கு பின்தங்குகிறது. இரண்டாவது, இலையின் உள்ளே கார்பன் டைஆக்சைடைப் பிடித்து உணவாக்கும் ரூபிஸ்கோ என்னும் நொதி. இது கார்பன்-12ஐயே மிகவும் விரும்பி எடுக்கிறது. உள்ளே நிகழும் பிடிப்பு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒதுக்கல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 27 ஆகும்.

இனித்தான் சூழல் வருகிறது. சந்தையில் கத்தரிக்காய் குவிந்து கிடக்கும்போது கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறது. கூடையில் நாலைந்தே எஞ்சியிருக்கும்போது அதே கை கிடைத்ததை அள்ளிக்கொள்கிறது. ரூபிஸ்கோவின் நிலையும் இதுவே. துளைகள் அகலத் திறந்து, இலைக்குள் கார்பன் டைஆக்சைடு நிறைந்திருந்தால் அது எடை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். எடை மிகுந்தது வெளியே திரும்பிவிடும். வறட்சியால் துளைகள் சுருங்கி, உள்ளே சரக்குக் குறைந்துவிட்டால் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை. கார்பன்-13உம் உணவோடு சேர்ந்துவிடும். எனவே நீருக்காகத் துளையை மூடி வாழ்ந்த இலை, எடையில் சற்று மிகுந்த கார்பனால் ஆனதாக இருக்கும்.

இவ்வெண்ணத்தை 1982இல் கிரஹாம் ஃபர்குவார், மரியன் ஓ'லியரி, ஜோசப் பெர்ரி ஆகியோர் ஓர் எளிய சமன்பாடாக்கினர். இலையின் உட்புறக் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடு, வெளிக்காற்றில் உள்ளதில் எத்தனை பங்கு என்பதே அதன் மையம். அது பத்தில் ஏழு பங்கானால் ஒதுக்கல் 20ஐ ஒட்டி அமையும். இலையின் மதிப்பு −28 அல்லது −29 ஆகும். துளை சுருங்கிப் பத்தில் ஐந்து பங்கானால் ஒதுக்கல் 16ஐ ஒட்டும். இலையின் மதிப்பு −24 ஆகும். ஒரு துண்டுச் சருகை எரித்து, வரும் வாயுவை நிறை நிறமாலைமானிக்குள் செலுத்தினால் போதும். அந்த இலை வளர்ந்த காலம் முழுவதற்குமான சராசரி கையில் கிடைத்துவிடும்.

கரும்பின் தனி வழி

எல்லாத் தாவரங்களுக்கும் இச்சமன்பாடு அப்படியே பொருந்துவதில்லை. 1966இல் ஹேட்ச், ஸ்லாக் ஆகிய இருவரும் கரும்பு தனக்கென ஒரு வழி வைத்திருப்பதை விளக்கினர். கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றில் முதற்பிடிப்பை ரூபிஸ்கோ செய்வதில்லை. பெப் கார்பாக்சிலேஸ் என்னும் வேறொரு நொதி கார்பனைப் பிடித்து, நரம்பைச் சூழ்ந்துள்ள கற்றை உறைச் செல்களுக்கு அனுப்புகிறது. அங்கே அடைபட்ட நிலையில் ரூபிஸ்கோ அதனைப் பயன்படுத்துகிறது. அடைபட்ட அறைக்குள் வந்ததைத் திருப்பியனுப்ப வழியில்லாததால் ஒதுக்கல் மிகக் குறைவு. இத்தகைய சி-4 தாவரங்களின் மதிப்பு −13ஐ ஒட்டியுள்ளது. நெல், நிலக்கடலை, பருத்தி, தென்னை, பெரும்பாலான மரங்கள் ஆகிய சி-3 தாவரங்களின் மதிப்போ −27ஐச் சூழ்ந்தது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள இயலாத அளவுக்கு இடைவெளி பெரியது. கற்றாழை, அன்னாசி, பிரண்டையின் தண்டு போன்றவை இரவில் துளைகளைத் திறந்து பகலில் மூடுபவை. அவற்றின் மதிப்பு சூழலைப் பொறுத்து இரண்டிற்கும் நடுவே பல நிலைகளில் அமையும்.

சி-4 தாவரங்கள் வெப்பத்தையும் வறட்சியையும் நன்கு தாங்குபவை. ஆகவே ஒரு நிலத்தில் எவ்வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்பதே அங்கிருந்த காலநிலையைச் சொல்லிவிடும். மேலும், உண்டவரின் உடலிலும் அந்த அடையாளம் தங்குகிறது. வட அமெரிக்கத் தொல்குடியினர் மக்காச்சோளத்தை முதன்மை உணவாக்கிக்கொண்ட காலத்தை, அவர்களின் எலும்பில் இருந்த கார்பனைக் கொண்டு வோகல், வான் டெர் மெர்வே ஆகியோர் 1977இல் காட்டினர். தேனில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதைக் கண்டறியும் ஆய்வும் இதுவே. தேனீ நாடும் மலர்கள் பெரும்பாலும் சி-3 வகையின; கரும்போ சி-4. இருப்பினும், அரிசியிலிருந்து எடுத்த பாகைக் கலந்தால் இச்சோதனைக்கு அது புலப்படாது. நெல்லும் சி-3 அல்லவா!

நீலகிரியின் சேற்றில்

இவ்வேறுபாடு தமிழகத்தின் பழங்காலநிலையைப் படிக்கவும் உதவியிருக்கிறது. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பள்ளங்களில் நீர் தேங்கிய இடங்களில், செத்த தாவரங்கள் முற்றும் மக்காமல் ஆண்டுக்காண்டு அடுக்காகப் படிந்து கறுத்த சேறாக உறைந்திருக்கின்றன. சோலை மரங்கள் சி-3 வகை. புல்வெளியில் சி-4 புற்களும் உண்டு. ஈரம் மிகுந்த காலத்தில் சி-3 தாவரங்களும், வறண்ட காலத்தில் சி-4 புற்களும் ஓங்கும் என்பதால், சேற்றின் ஒவ்வோர் அடுக்கும் அக்காலத்து மழையின் சாட்சியாகிறது.

இச்சேற்றைத் துளைத்தெடுத்து ஆராய்ந்த ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் 1993ஆம் ஆண்டு நேச்சர் இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் வரலாறு அதில் விரிந்தது. உலகின் வடபகுதியைப் பனிப்படலம் மூடியிருந்த காலத்தில் நீலகிரி வறண்டு, சி-4 புற்கள் பரவியிருந்தன. பனியூழி விலகிப் பருவமழை வலுத்தபோது சி-3 தாவரங்கள் ஓங்கின. ஏறத்தாழ 6,000 முதல் 3,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் மீண்டும் ஒரு வறட்சி தலைகாட்டியது. மழைமானியோ எழுத்துச் சான்றோ இல்லாத காலத்தின் மழை வரலாறு இவ்வாறு புல்லின் எச்சத்திலிருந்து வெளிப்பட்டது.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பனியூழியின் உச்சத்தில் காற்றிலிருந்த கார்பன் டைஆக்சைடு, இன்றுள்ளதில் பாதிக்கும் குறைவு. கார்பன் டைஆக்சைடு குறைந்த காற்றிலும் சி-4 தாவரங்களே முந்தும். ஆகவே அக்காலப் புற்பெருக்கத்துக்கு வறட்சி மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிட முடியாது; இரண்டு காரணங்களும் ஒரு திசையில் இழுத்திருக்கின்றன.

இதே ஆய்வாளர்கள் தென்னிந்தியக் காட்டு யானைகளின் எலும்புகளையும் ஆராய்ந்தனர். யானைகள் நெடுநேரம் புல் மேய்வதைக் களத்தில் காணலாம். ஆனால், எலும்பிலுள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் கார்பன், சி-3 வகையைச் சேர்ந்த தழைகளும் மரப்பட்டைகளுமே அவ்வுடலைக் கட்டியதில் பெரும்பங்கு வகித்ததைக் காட்டியது. தின்ற நேரம் ஒன்று. உடலில் ஒட்டியது மற்றொன்று. யானைக்குப் புல்வெளி மட்டும் போதாது என்பதைக் காடுகளைக் காப்போருக்கு உணர்த்தும் செய்தி இது.

கோதுமை வயலில் ஒரு சோதனை

பழங்காலத்தைப் படிப்பதோடு இக்கலை நின்றுவிடவில்லை. மழையை மட்டும் நம்பிய உழவருக்கு, குறைந்த நீரில் மிகுந்த விளைச்சல் தரும் விதை வேண்டும். ஆயிரக்கணக்கான செடிகளில் எது நீரைச் சிக்கனமாகச் செலவிடுகிறது என்று ஒவ்வொன்றாய் அளப்பது பெருந்தொல்லை. இலையின் கார்பனே அதைச் சொல்லுமெனில் வேலை எளிதாகும். 1984இல் ஃபர்குவாரும் ரிச்சர்ட் ரிச்சர்ட்ஸும் பல கோதுமை வகைகளைத் தொட்டிகளில் வளர்த்து, கார்பன்-13ஐக் குறைவாக ஒதுக்கும் வகைகளே ஒரு லிட்டர் நீரில் மிகுதியாக வளர்வதைக் காட்டினர்.

தொட்டியில் தெளிவாக இருந்தது வயலில் அவ்வாறு இல்லை. நீர் தாராளமாகக் கிடைத்த வயல்களில் சிக்கனமான வகைகள் பின்தங்கின. துளைகளைத் தாராளமாகத் திறந்து, கார்பன்-13ஐ மிகுதியாக ஒதுக்கிய வகைகளே கூடுதலாக விளைந்தன. காரணத்தை அறிவது கடினமன்று. மழை தவறாது வரும் இடத்தில் சிக்கனம் என்பது வளர்ச்சியைத் தள்ளிப்போடுவதேயாகும். அதுவுமன்றி, ஒரு செடி மிச்சம் பிடித்த நீர் மண்ணில் அச்செடிக்கென்று காத்திருப்பதில்லை. வெயில் அதை உறிஞ்சிக்கொள்ளலாம். பக்கத்தில் உள்ள களை குடித்துவிடலாம். பருவம் தொடங்குமுன் பெய்த மழையை மண்ணில் தேக்கிவைத்து, அதைக் கொண்டே கதிர் முற்றும்வரை தாக்குப்பிடிக்க வேண்டிய வயல்களில்தான் சிக்கனம் பலன் தந்தது. அங்கே முன்பருவத்தில் மிச்சப்படுத்திய நீர், பால் பிடிக்கும் காலத்தில் கைகொடுத்தது.

இதனை உணர்ந்து, ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அறிவியலார், கார்பன் ஒதுக்கல் குறைந்த வகையை ஏற்கெனவே பயிரிலிருந்த வகையோடு கலந்து இனப்பெருக்கினர். அவ்வழியில் 2002இல் டிரைஸ்டேல், 2003இல் ரீஸ் என்னும் இரு கோதுமை வகைகள் வெளியிடப்பட்டன. இவ்வாறு தேர்ந்த பயிர்களில், மழை குறையக் குறைய விளைச்சல் நன்மை மிகுந்தது. மழை நிறைந்த இடங்களில் அந்நன்மை தேய்ந்துபோயிற்று. ஐசோடோப்பு அளவை எல்லா நிலத்துக்கும் பொருந்தும் விதையைக் கண்டுபிடித்துத் தரவில்லை; எந்த நிலத்துக்கு எந்த விதை என்னும் கேள்வியைக் கூர்மைப்படுத்தித் தந்தது. ஒரு வேளாண் ஆய்வுக்கு இது சிறிய வெற்றியன்று.

எண்ணைப் படிப்பதில் மற்றொரு சிக்கலும் உண்டு. இலைக்குள் கார்பன் டைஆக்சைடு குறைவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். துளை சுருங்கியதால் வரவு குறைந்திருக்கலாம். அல்லது ரூபிஸ்கோ மிகுந்து, வந்ததை விரைந்து தீர்த்திருக்கலாம். கூடையில் கத்தரிக்காய் குறைந்தது, சரக்கு வராததாலா, வாங்குவோர் கூடியதாலா என்பதைக் கூடையைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. முதலாவது செடி பட்டினி கிடந்து சேமிப்பது. இரண்டாவது நன்றாக உண்டு சேமிப்பது. உழவருக்கு வேண்டியது இரண்டாவதே.

காற்றின் மாற்றம்

இவை யாவற்றையும் கணிக்கும்போது, காற்றின் மதிப்பே மாறிவருவதையும் மறக்கலாகாது. நிலக்கரியும் எண்ணெயும் தொல்பழங்கால உயிர்களின் எச்சங்கள்; நிலக்கரியோ முற்றிலும் தாவரமே. எனவே அவற்றில் கார்பன்-13 குறைவு. அவற்றை எரிக்க எரிக்கக் காற்றிலும் அதன் விகிதம் குறைகிறது. தொழிற்புரட்சிக்கு முன் −6.5ஐ ஒட்டியிருந்த காற்றின் மதிப்பு இன்று −8.5ஐ நெருங்கியிருக்கிறது. காற்றில் கூடிவரும் கார்பன் டைஆக்சைடு எரிபொருளிலிருந்தே வருகிறது என்பதற்கான சான்றுகளுள் இதுவும் ஒன்று.

உலர்தாவரத் தொகுப்பு ஒன்றில் 18ஆம் நூற்றாண்டு இலையும், இன்று பறித்த அதே இன இலையும் −27 என ஒரே மதிப்பைக் காட்டுவதாகக் கொள்வோம். இரண்டும் ஒன்றுபோல வாழ்ந்தன என்று சொல்லத் தோன்றும். ஆனால், முன்னது காற்றிலிருந்து இருபதரை இறங்கியிருக்கிறது. பின்னது பதினெட்டரையே இறங்கியிருக்கிறது. அதாவது, இன்றைய இலை, காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடியதால் துளைகளை அவ்வளவு திறக்காமலேயே உணவு ஈட்டுகிறது. மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தவர்கள், பல காடுகளில் மரங்களின் நீர்ச்சிக்கனம் இவ்வாறு உயர்ந்துவந்திருப்பதைக் கண்டனர். ஆயினும் அதே அளவில் மரங்கள் பருத்து வளர்ந்துவிடவில்லை. வெப்பமும் வறட்சியும் மண்ணின் சத்துக்குறையும் இந்த மிச்சத்தை விழுங்கிவிடுகின்றன.

நிலக்கடலை இலையின் எடை

கார்பன் ஐசோடோப்பை அளக்கும் கருவி விலை மிகுந்தது. அதைக் கையாளப் பயிற்சியும் வேண்டும். இனப்பெருக்கத்தில் ஒரே பருவத்தில் பல்லாயிரம் செடிகளைச் சோதிக்க வேண்டியிருப்பதால், எளிய மாற்று வழி தேடப்பட்டது. நிலக்கடலையில் அது கிடைத்தது. 1986இல் ஹூபிக், ஃபர்குவார், ஷார்ட்டர் ஆகியோர் நிலக்கடலையிலும் கார்பன் ஒதுக்கல் குறைந்தால் நீர்ச்சிக்கனம் கூடுவதை நிறுவியிருந்தனர். தொடர்ந்து ஆஸ்திரேலியாவிலும், ஹைதராபாத்தை அடுத்த பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்திலும் நடந்த ஆய்வுகள், தடித்த இலைகளை உடைய வகைகளில் இந்த ஒதுக்கல் குறைவாக இருப்பதைக் காட்டின. தடித்த இலையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒளிச்சேர்க்கைக்கான நொதிகள் மிகுதி. அதாவது, இது பட்டினியால் வந்த சிக்கனம் அன்று. உழைப்பால் வந்த சிக்கனம்.

இதை அறிந்தபின், நிறை நிறமாலைமானி இல்லாத ஆய்வுப் பண்ணையிலும் முதற்கட்டத் தேர்வு இயலும். வயலிலிருந்து இலைகளைப் பறித்து, பரப்பை அளந்து, உலர்த்தி, தராசில் நிறுத்தால் போதும். ஒரே பரப்புக்கு எடை மிகுந்து நிற்கும் வகைகள் அடுத்த சுற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து பொறுக்கிய சில மாதிரிகள் மட்டுமே கார்பனை அளக்கும் கருவிக்குச் செல்கின்றன.